சமையலறை வண்டியில் காட்டு ஏரிக்கு

வனத்துறை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும். சத்தியமங்கலத்தில் லாரி வைத்துப் பிழைக்கிறவன் நான். திம்பம் மலைப்பாதையில் இரவில் வண்டி போகக் கூடாது என்று உத்தரவு வந்ததிலிருந்து என் லாரிகள் சோதனைச் சாவடியில் வரிசை கட்டி நின்று விடியலுக்குக் காத்திருக்கின்றன. தக்காளி கனிந்து ஒழுகும், டிரைவர் புலம்புவார், மண்டிக்காரர் போனிலேயே என்னை அடிக்க வருவார். இப்படிப்பட்ட ஆள், அமெரிக்காவின் வடக்கு மூலையில் காட்டுச் சட்டம் எப்படி நடக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து கட்டுரை எழுதுவான் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். நான் விமானம் ஏறியது மகளையும் பேத்தியையும் பார்க்க. காட்டுக்குப் போயே தீர வேண்டும் என்று நின்றது என் மனைவி சரசு.

சரசுவுக்குச் சிறுவயதில் போலியோ வந்து இரண்டு கால்களும் செயலிழந்துவிட்டன. அதைத் தவிர அவளிடம் குறை சொல்ல ஒன்றும் இல்லை, வாய் கொஞ்சம் நீளம் என்பதைச் சேர்க்காவிட்டால். லாரி ஆபீசை நடத்துவது அவள்தான். முதலாளி என்று பலகையில் இருப்பது என் பெயர்; டிரைவர்கள் பயப்படுவது அவளுக்கு. எங்கள் கல்யாணத்தில் மணமேடையைச் சுற்றிவர அவளைத் தாய்மாமன் தூக்கிக்கொண்டார். சபையே கண் கலங்கியது. அவள் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கே என்னிடம் சொல்லிவிட்டாள்: "இனிமேப்பட்டு என்னை ஒருத்தரும் தூக்கக் கூடாதுங்க. தள்ளலாம். தூக்கக் கூடாது." நாற்காலியோடு தூக்க நாலு பேர் தயாராக இருந்தும், மலைக்கோயில் எதற்கும் அவள் படியேறியதில்லை. அடிவாரத்திலேயே கும்பிட்டுவிட்டு, "சாமிக்குக் கண்ணு நல்லாத் தெரியும்" என்று சொல்லித் திரும்பிவிடுவாள்.

மகள் கவிதாவின் வீடு நியூஜெர்சியில், வெஸ்ட் வின்ட்சரில். தெருவில் பாதி வாசலில் ஸ்டிக்கர் கோலம். காலையில் நடக்கப் போனால் எதிரே வருகிற பிள்ளைகள் "ஹாய் அங்கிள்" என்கிறார்கள். எந்த ஊர்ப் பிள்ளை என்று கேட்டால் ஈரோடு என்றோ மதுரை என்றோ அம்மா அப்பாவின் ஊரைச் சொல்லிவிட்டு ஓடிவிடுகிறார்கள். நாங்கள் வருவதற்கு முன்பே கவிதா அம்மாவுக்கென்று பாட்டரியில் ஓடும் சின்னச் சக்கர நாற்காலி ஒன்று வாங்கி வைத்திருந்தாள். சரசு ஒரு நாள் பழகினாள். மறுநாள் ஃபிரிட்ஜுக்கும் அடுப்புக்கும் நடுவே பின்பக்கமாகவே ஓட்டினாள். அந்த வீட்டில் அவள் சக்கரத்துக்கு அடியில் போகாத கால் விரல் ஒருவருக்கும் இல்லை.

சண்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை தோசையில் ஆரம்பித்தது. கவிதா போனில் ஒரு ஏரியின் படத்தைக் காட்டினாள். வடக்கே நியூ ஹாம்ப்ஷயர் மலைகளுக்குள் இருக்கும் ஏரி. வருஷா வருஷம் இலை சிவக்கும் பருவத்தில் சிநேகிதிகளோடு அங்கே நடந்து போய்விட்டு வருவாளாம். ஏரியின் பெயரை நான் இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அடுத்த வருஷம் நம்மாட்கள் பத்து வேனில் போய் இறங்கி, புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்துவிடுவார்கள்.

"என்னையக் கூட்டிட்டுப் போ கண்ணு" என்றாள் சரசு.

"உனக்கு அது முடியாதும்மா. அது வைல்டர்னஸ். ரோடு கிடையாது, ராம்ப் கிடையாது, ஒண்ணுமே கட்ட மாட்டாங்க. பக்கத்துலயே வீல்சேர் போற மாதிரி நல்ல லேக் இருக்கு, அங்க டிரைவ் பண்ணிட்டுப் போலாம்."

முடியாது என்ற சொல்லை சரசுவிடம் சொல்லக் கூடாது. பெற்ற மகளுக்கு அது தெரியாமல் போனது எனக்கே ஆச்சரியம். சரசு அடுப்பை அணைத்தாள், கல்லில் பாதி வெந்த தோசையை அப்படியே விட்டுவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு அறைக்குள் போனாள். அன்றைக்கு எல்லாரும் பிரெட் சாப்பிட்டோம்.

இதற்கு வழி கண்டுபிடித்தவர் மாப்பிள்ளை கார்த்தி. திருநெல்வேலிக்காரர், கம்ப்யூட்டர் வேலை. இங்கே வருவதற்கு முன் டெக்ஸாஸில் ஃபிரிஸ்கோவில் இருந்தவர். அங்கே பால் வாங்கப் போகவும் கார்தான் என்பதால் எந்தச் சிக்கலுக்கும் சக்கரத்தில் விடை இருக்கும் என்று நம்புகிறவர். லாரிக்காரனான எனக்கே அந்த நம்பிக்கை அவ்வளவு கிடையாது.

"மாமா, ஆன்லைன்ல ரிவ்யூ எல்லாம் படிச்சுட்டேன். எலக்ட்ரிக் பக்கி. காடு மலைக்குன்னே செஞ்சது. வாடகைக்குக் கிடைக்குது. அத்தை ஏறி உக்காந்தாப் போதும், பாறை மேலயே ஏறிரும்" என்றார்.

வந்து இறங்கியது ஒரு ராட்சசன். நாலு தடித்த டயர், முன்னே இரண்டு விளக்கு, ஹாரன் வேறு. சரசு அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஆர்சி புக் உண்டுங்களா?" என்று கேட்டாள். ஆனால் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. வீடே மூச்சுவிட்டது.

வேனுக்குப் பின்னால் ஒரு சின்ன டிரெய்லர், அதில் ராட்சசன். மாப்பிள்ளை நாடாப்பட்டை போட்டு இறுக்கினார். நான் அதை அவிழ்த்துவிட்டுக் கயிறு போட்டு முடிச்சுப் போட்டேன். அவர் என் முடிச்சின் மேல் திரும்பவும் பட்டை போட்டார். இருவரும் அவரவர் வேலையில் திருப்தியோடு வண்டியில் ஏறினோம். கிளம்பிக் கொஞ்ச தூரத்திலேயே ஒரு போலீஸ்காரர் விளக்கைச் சுழற்றிக்கொண்டு பின்னால் வந்து ஓரங்கட்டினார். கயிறும் சரி, பட்டையும் சரி. டிரெய்லரின் பின்விளக்கு எரியவில்லை, ஒயரைச் சொருக இருவருமே மறந்துவிட்டோம். போலீஸ்காரரே குனிந்து சொருகிவிட்டு, "நல்ல முடிச்சு" என்று சொல்லிப் போனார். நான் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

வடக்கே போகப் போக மனிதர் குறைந்து மரம் கூடியது. ஓய்விடத்தில் நிறுத்தி, பொடி தடவிய இட்லியை வேனுக்குள்ளேயே சாப்பிட்டோம். பேத்தி தியா கடையில் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கி வந்து இட்லிப் பொடியில் தொட்டுத் தின்றாள். நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள்; நடுவில் ஒன்றும் சிந்தாமல் பேச்சு ஓடிவிடும். இத்தனை வளைவுள்ள மலைப்பாதையில் ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை என்பது எனக்குப் பெரிய உறுத்தலாக இருந்தது. திம்பத்தில் ஹாரன் அடிக்காமல் ஒரு கொண்டை ஊசி வளைவு திரும்பினால் என் டிரைவருக்கு நான் சம்பளம் கொடுக்க மாட்டேன்.

தங்கிய மோட்டலை நடத்தியவர் ஒரு குஜராத்திக்காரர். எங்களைப் பார்த்ததும் கேட்காமலே இஞ்சி டீ வந்தது. கூடவே எச்சரிக்கையும் வந்தது: சாப்பாட்டை வேனில் விட்டு வைக்கக் கூடாது, கரடி கதவைப் பிய்த்துவிடும். சரசு கொண்டுவந்திருந்த மோர்மிளகாயை மோந்து பார்த்துவிட்டு, "இதுக்குக் கனடாவிலிருந்தே கரடி வரும்" என்றார். மூட்டையெல்லாம் அறைக்குள் போயின. தியா அன்று மோர்மிளகாயைத் தன் படுக்கையிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வைத்துவிட்டுத் தூங்கினாள்.

மறுநாள் காலை காட்டுப் பாதை தொடங்கும் இடத்துக்குப் போய் ராட்சசனை இறக்கினோம். சரசு அதில் ஏறி உட்கார்ந்து ஹாரனை ஒரு முறை அடித்துப் பார்த்தாள். அந்தச் சத்தத்துக்கு, பச்சைக் கால்சட்டையும் தொப்பியும் போட்ட ஒரு பெண் எங்களை நோக்கி வந்தார். தோளில் ஓர் ஆள் நீள ரம்பம், இருபுறமும் மரப்பிடி. என் அப்பா காலத்து மரக்கடையில் பார்த்த அதே இரண்டாள் ரம்பம். பெயர் ஹெலன், இந்தக் காட்டின் ரேஞ்சர் என்று அறிமுகம் செய்துகொண்டார். கூட ஒரு தாடிக்கார ஊழியர்.

"அழகான வண்டி. ஆனால் இது உள்ளே போக முடியாது" என்றார் ஹெலன்.

எனக்கு ஏறவேண்டியது ஏறிவிட்டது. கடல் தாண்டி வந்தும் சோதனைச் சாவடி! "கால் நடக்காதவங்களுக்கு வண்டி கூடாதுன்னா அது என்னங்க சட்டம்?" என்று தமிழிலேயே கேட்டேன். கவிதா அதைக் காரம் குறைத்து மொழிபெயர்த்தாள்.

ஹெலன் கோபப்படவில்லை. ஏரி இருக்கும் பகுதியை நாட்டின் நாடாளுமன்றமே சட்டம் போட்டு ஒதுக்கி வைத்திருக்கிறது என்றார். உள்ளே ரோடு கிடையாது, கட்டடம் கிடையாது, எஞ்சினோ மோட்டாரோ வைத்த எதுவும் நுழையக் கூடாது, சைக்கிள்கூடக் கூடாது. யார் வேண்டுமானாலும் வரலாம், ஆனால் நடந்துதான் வர வேண்டும். என் மண்டையில் சுரீரென்றது. எங்கள் ஊரில் இதற்கு நேர் எதிர். ஜீப்பில் உட்கார்ந்தால் காட்டைச் சுற்றிக் காட்டுவார்கள். ஜீப்பை விட்டுக் கீழே காலை வைத்தால் கூச்சல். அங்கே யானையும் புலியும் இருக்கின்றன, காரணம் இல்லாமல் இல்லை. ஆனாலும் இரண்டு ஊர்ச் சட்டத்தில் சரசுவுக்கு எது தோது என்று அந்த நிமிஷத்தில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

கார்த்தியின் முகம் வாடிவிட்டது. கவிதா, "நான் அப்பவே சொன்னேன்" என்று வாய்க்குள் சொன்னாள். சரசு ராட்சசனின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழுதிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

அப்போது ஹெலன் என்னையும் விட்டுவிட்டு, கவிதாவையும் விட்டுவிட்டு, சரசுவுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "நீங்கள் வீட்டுக்குள் எதில் நடமாடுகிறீர்கள்?" என்று அவளிடமே நிறுத்தி நிதானமாகக் கேட்டார்.

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். ஹெலன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சரசு வேனைக் காட்டினாள். மோட்டலில் நடமாட வேண்டுமே என்று அவளுடைய சின்ன நாற்காலியையும் ஏற்றி வந்திருந்தோம்.

"அதை ஓட்டிக்கொண்டு சமையலறைக்குள் போவீர்களா?"

"கிச்சன், பாத்ரூம், எவ்ரி வேர்" என்றாள் சரசு.

"அப்படியென்றால் அது காட்டுக்குள்ளும் வரலாம்" என்றார் ஹெலன். "மோட்டார் இருந்தாலும் பரவாயில்லை. சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. நடக்க முடியாதவருக்காகவே செய்த நாற்காலி, வீட்டுக்குள் ஓட்டுகிற மாதிரியானது என்றால், அது அவருடைய கால். கால் போகிற இடமெல்லாம் அது போகலாம். ஆனால் உங்களுக்காகப் பாதையைச் சமப்படுத்தித் தர மாட்டோம். எனக்காகவும் சமப்படுத்த மாட்டார்கள்."

காட்டுக்கென்றே செய்த வண்டிக்கு அனுமதி இல்லை. சாம்பார் கொதிக்கிற இடத்தில் ஓடுகிற வண்டிக்கு உண்டு. இந்த விசித்திரத்தை முதலில் புரிந்துகொண்டு சிரித்தவள் தியா. மாப்பிள்ளை ராட்சசனைத் திரும்ப டிரெய்லரில் ஏற்றினார். இந்த முறை நான் அவருடைய பட்டையில் கை வைக்கவில்லை, பாவம்.

புறப்படுமுன் ஹெலன் இன்னொன்றும் சொன்னார். ஏரிக்குக் கொஞ்சம் முன்னால், பாதைக்குக் குறுக்கே பெரிய மரம் ஒன்று விழுந்து கிடக்கிறது. அதை அறுக்கத்தான் அவர்கள் போகிறார்கள். ஒரு பக்கம் ஏற்றம், ஒரு பக்கம் ஓடை, சுற்றிப் போக வழி இல்லை. இன்றைக்குள் முடியுமா என்று உறுதி சொல்ல முடியாது. "மரம் வரைக்கும் வாருங்கள், பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு இருவரும் ரம்பத்தோடு முன்னால் நடந்தார்கள்.

பாதை தொடக்கத்தில் ஒரு பலகையில் பழைய படம் ஒன்று இருந்தது. மொட்டை மலைகள், அடிமரங்கள் மட்டும் முடி வழித்த தலையில் முள்முள்ளாக நின்றன. இதே மலைகள்தானாம். ஒரு காலத்தில் மரக் கம்பெனிக்காரர்கள் ரயில் தண்டவாளம் போட்டு ஒட்ட வெட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். மழைக்கு மண் கரைந்தது, தீப்பிடித்தது, கீழே ஆறு கெட்டது. ஜனங்கள் போட்ட கூச்சலில் அரசாங்கம் சட்டம் போட்டு அந்த மொட்டை மலைகளை விலை கொடுத்து வாங்கிச் சும்மா விட்டது. நான் படத்தையும் நிமிர்ந்து மலையையும் மாறி மாறிப் பார்த்தேன். சிவப்பும் மஞ்சளுமாக, மண் தெரியாமல் மரம். நட்டு வளர்த்ததல்ல, தொடாமல் விட்டதில் தானாக வந்தது. லாரிக்காரனுக்கும் கண் இருக்கிறது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

சரசுவுக்கு அதிர்ஷ்டம், நாங்கள் போன பாதை அந்தப் பழைய ரயில் பாதைதான். செங்குத்தான ஏற்றம் இல்லை. ஆனால் தண்டவாளத்தை எடுத்தவர்கள் சிலிப்பர் கட்டைகளை மண்ணிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஒவ்வொரு கட்டைக்கும் நாற்காலி ஒரு குதி குதித்தது. கோபி பக்கம் மழைக்குப் பிந்திய ரோட்டில் பழகிய உடம்பு என்பதால் சரசு அசரவில்லை. சேறு வந்த இடங்களில் நானும் கார்த்தியும் தள்ளினோம். தள்ளலாம், அது அவள் சட்டத்தில் உண்டு.

ஒரு சின்ன மரப்பலகை, இங்கிருந்து வைல்டர்னஸ் என்றது. வேலி இல்லை, கேட் இல்லை, காவலாளி இல்லை. ரோட்டுச் சத்தம் எப்போது நின்றது என்று தெரியவில்லை. நாற்காலியின் மோட்டார் முனகல் மட்டும் கேட்டது, அதுவும் ரொம்ப மரியாதையாக. கவிதா மட்டும் அடிக்கடி குனிந்து நாற்காலியின் பாட்டரி விளக்குகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொன்றாக அணைந்துகொண்டு வந்தன.

மரத்தை அடைந்தபோது பாதி விளக்குகள் இல்லை. மரமோ என் இடுப்பு உயரம் பருத்துக் குறுக்கே கிடந்தது. ஹெலனும் தாடிக்காரரும் இரண்டு பக்கமும் மண்டியிட்டு ரம்பத்தை இழுத்துக்கொண்டிருந்தார்கள். சர்க், சர்க் என்று ஒரே தாளம், நூல் நூலாக மரத்தூள் விழுந்தது. வெட்டு அப்போதுதான் கால்வாசி இறங்கியிருந்தது. அதற்கப்பால் மரங்களுக்கு இடையே வெள்ளை வெளேரென்று தண்ணீர் தெரிந்தது.

"மெஷின் ரம்பம் இருந்தா அஞ்சு நிமிச வேலைங்க" என்றேன் கார்த்தியிடம்.

தியா அதை ஹெலனிடம் இங்கிலீஷில் கேட்டேவிட்டாள். ஹெலன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, எங்கள் அலுவலகத்தில் நல்ல மெஷின் ரம்பம் இருக்கிறது, ஆனால் அந்தப் பலகையைத் தாண்டி எடுத்து வர எனக்கும் அனுமதி இல்லை, எஞ்சின் கூடாது என்றால் எல்லாருக்கும்தான் என்றார். இது எனக்குப் புதிது. சட்டத்தைக் கையில் வைத்திருக்கிறவரே அதற்குக் கட்டுப்பட்டு வியர்த்துக்கொண்டிருப்பதை நான் அதிகம் பார்த்ததில்லை. நான் ஒரு கை பிடிக்கிறேன் என்று போனேன். பயிற்சி எடுத்தவர் மட்டுமே பிடிக்கலாம் என்று அதற்கும் மறுத்துவிட்டார். சிரித்துக்கொண்டேதான் மறுத்தார்.

கவிதாவுக்குப் பொறுமை போய்விட்டது. "அம்மா, லைட் பாதிதான் இருக்கு. இவங்க எப்ப முடிப்பாங்கன்னு தெரியல. நாங்க நாலு பேர் சேந்து சேரோட அந்தப் பக்கம் தூக்கி வெச்சுடறோம். ரெண்டு நிமிஷம். லேக் அங்க தெரியுது பாரு."

மாப்பிள்ளை அதற்குள் சட்டைக் கையை மடித்துவிட்டார். தாடிக்காரரும் ரம்பத்தை விட்டுவிட்டு எழுந்தார். நானும் நாற்காலியின் ஒரு பக்கத்தைப் பிடித்துவிட்டேன் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஏரியை அவள் பார்க்காமல் திரும்புவதை என்னால் தாங்க முடியவில்லை.

சரசு என் கையைப் பார்த்தாள். "ஏனுங்க" என்றாள், அவ்வளவுதான். கையை எடுத்துவிட்டேன்.

ஹெலன் எங்கள் எல்லாரையும் பார்த்துவிட்டு, அவளிடம் மட்டும் கேட்டார்: "நாங்கள் தூக்கலாமா?"

"நோ லிஃப்டிங்" என்றாள் சரசு. "யூ கட். ஐ வெயிட்."

"சரி" என்றார் ஹெலன். மண்டியிட்டு ரம்பத்தைப் பிடித்தார். சமாதானம் சொல்லவில்லை, பரிதாபப்படவில்லை. தாடிக்காரரும் எதிரே உட்கார, சர்க் சர்க் மறுபடி ஆரம்பித்தது.

"பாட்டரி தீந்துட்டா என்னம்மா பண்றது?" என்று கவிதா அழாக்குறையாகக் கேட்டாள்.

"திரும்பி வர்றப்போ தள்ளிட்டு வாங்க. தள்ளலாமுன்னுதான் சொல்லியிருக்கேனே. போறப்போ நானாப் போறேன், வர்றப்போ ஆருவேணாத் தள்ளட்டும்."

காத்திருந்தோம். வேறு வேலை இல்லாததால் சாப்பாட்டு மூட்டையைப் பிரித்தோம். தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், மோர்மிளகாய். ஒரு பருக்கை கீழே விழக் கூடாது, விழுந்தால் பொறுக்கு என்று தியா எல்லாரையும் மிரட்டினாள். வெட்டுக்காரர்கள் ஓய்வெடுத்தபோது அவர்களுக்கும் கொடுத்தோம். தாடிக்காரர் மோர்மிளகாயை அப்படியே கடித்துவிட்டு ஓடைப் பக்கம் போய் நின்றுகொண்டார். ஹெலன் எள்ளுருண்டையை எடுத்து மரத்தூள் கையோடு தின்று, இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு ரம்பத்தின் பிடியை வைத்து சரசுவின் நாற்காலி அகலத்தை அளந்துகொண்டு போய், இரண்டாவது வெட்டு எங்கே வரவேண்டும் என்று மரத்தில் கீறினார்.

ரம்பம் இழுக்கிற சத்தத்தை உட்கார்ந்து கேட்டது எனக்கு அதுவே முதல் தடவை. இடையிடையே அது நிற்கும்போது மரங்கொத்தி ஒன்று எங்கோ கொத்துவது கேட்டது, அதற்கும் அப்பால் ஏரியிலிருந்து ஒரு பறவை நீளமாகக் கூப்பிட்டது. மெஷின் ரம்பம் இருந்திருந்தால் வேலை முடிந்திருக்கும், இதில் ஒன்றும் காதில் விழுந்திருக்காது. சரசு கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பறவை அடுத்து எப்போது கூப்பிடும் என்று காத்திருந்தாள். எனக்கும் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

இரண்டாவது வெட்டும் விழுந்தது. ஆனால் நடுத்துண்டு அசையவில்லை, நல்ல கனம். கடப்பாரைக்குப் பதிலாக இங்கே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். எல்லாரும் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, கைகளைப் பின்னால் ஊன்றி, இரண்டு கால்களாலும் கட்டையை உதைத்துத் தள்ள வேண்டும். இதற்குப் பயிற்சி தேவையில்லையாம். அப்படியே சேற்றில் உட்கார்ந்தோம்: ஹெலன், தாடிக்காரர், மாப்பிள்ளை, கவிதா, தியா, கடைசியில் நான்.

கணக்குச் சொன்னது சரசு. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, லாரியில் பாரம் ஏற்றுகிற ஆட்களை விரட்டும் அதே குரலில் ஆரம்பித்தாள். "ஒண்ணா ஒதைங்க! கார்த்தி, உங்க பக்கம் பத்தல. அந்தத் தாடித் தம்பி நல்லா ஒதைக்கறாரு பாருங்க. ஏனுங்க, நீங்க ஒதைக்கறீங்களா, காலை நீட்டிப் படுத்திருக்கீங்களா?" ஹெலனுக்குத் தமிழ் புரியவில்லை, ஆனால் ஒவ்வொரு அதட்டலுக்கும் சரியாக உதைத்தார். கட்டை ஒரு முறை முனகிவிட்டு உருண்டு ஓடைப் பக்கம் போய் விழுந்தது.

நடுவே ஒரு சந்து. நாற்காலிக்கு அளந்து வெட்டிய சந்து. சரசு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கைப்பிடியை முன்னுக்குத் தள்ளி, வெட்டுப்பட்ட மரத்தின் வாசனைக்கு நடுவே அந்தப் பக்கம் போனாள். இருபுறமும் ஒரு கை இடைவெளி இருந்தது, எங்கும் உரசவில்லை. கவிதா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் மூக்கைச் சிந்துவது போல் கொஞ்ச நேரம் சமாளித்தேன்.

ஏரிக்கரையில் ஒன்றுமே இல்லை. பெஞ்சு இல்லை, கைப்பிடிச் சுவர் இல்லை, டீக்கடை இல்லை, இங்கே நின்று போட்டோ எடுக்கவும் என்கிற பலகை இல்லை. தண்ணீரும் அதில் தலைகீழாகச் சிவந்த மலையும்தான். கறுப்பும் வெள்ளையுமாக வாத்து போல ஒன்று நடுவில் மிதந்தது. அதுதான் கூப்பிட்டது என்றார் ஹெலன். ஏனோ நாங்கள் எல்லாரும் மரத்தடியிலேயே நின்றுவிட்டோம். சரசு மட்டும் போய்க்கொண்டிருந்தாள். கூழாங்கல்லில் தடுமாறித் தடுமாறிக் கடைசியில் முன்சக்கரங்கள் இரண்டும் தண்ணீருக்குள் இறங்கின.

"பாட்டரி நனைஞ்சுரும்!" என்று கத்தினேன்.

"தெரியுமுங்க" என்றாள், திரும்பாமலே.

குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளினாள். முகத்தில் தடவிக்கொண்டாள், அவ்வளவு குளிர்ந்த தண்ணீரை. ரொம்ப நேரம் அப்படியே இருந்தாள். நாங்கள் யாரும் கூப்பிடவில்லை. எனக்கு அவளைப் பார்க்கப் பெருமையாக இருந்தது, சந்தோஷமாக இருந்தது. ஊரில் இருக்கிற எல்லாரையும் கூட்டி வந்து காட்ட வேண்டும் போல இருந்தது.

கடைசியில் நான் மட்டும் பக்கத்தில் போனேன். அவள் ஏரியின் வலது ஓரத்தைக் கையால் காட்டினாள். கரையை ஒட்டி எங்கள் ரயில் பாதை மரங்களுக்குள் மேலே போய்க்கொண்டிருந்தது.

"அது எங்க போகுதுன்னு அந்தம்மாவைக் கேளுங்க."

கேட்டேன். அடுத்த பள்ளத்தாக்குக்கு, அங்கே இன்னொரு ஏரி, இதைவிடச் சின்னது என்றார் ஹெலன். போன குளிர்காலப் புயலில் அந்தப் பாதையிலும் மரங்கள் விழுந்து கிடக்கின்றன, எத்தனை என்று இன்னும் போய்ப் பார்க்கவில்லை, அடுத்த கோடையில்தான் அறுக்க முடியும் என்றார். சரசுவிடம் சொன்னேன். அவள் அந்தப் பாதையை ஒரு தடவை கடைசி வரைக்கும் கண்ணால் போய் வந்தாள்.

"அறுத்து வெக்கச் சொல்லுங்க. அடுத்த வருசம் நாங்க வர்றோம், இதே வண்டிதான், அகலம் மாறாதுன்னு சொல்லுங்க."

நான் அதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வதென்று சொற்களைத் தேடிக்கொண்டு ஹெலன் பக்கம் திரும்பினேன்.

"வேண்டாம், இருங்க" என்றாள் சரசு. "நானே சொல்லிக்கறேன்."

சக்கரங்களிலிருந்து ஏரித் தண்ணீர் சொட்ட வண்டியைப் பின்னுக்கு எடுத்து, திருப்பிக்கொண்டு, ஹெலனை நோக்கிப் போனாள்.